வாங்கத் தெரியாத வாங்!

சிங்கப்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் இரண்டு வருஷம் கணக்கு எழுதினேன். பக்கத்து ஸீட்டில் சீனாவிலிருந்து வந்த ஒரு இளைஞர். பெயர் வாங் என்று வைத்துக்கொள்வோமே!

ஒரு மாசக் கடைசியில் அவர் என் மேஜைக்கு வந்து, தயங்கித் தயங்கி, ''கேன் ஐ லெண்ட் ஃபிஃப்டி டாலர்ஸ்?'' என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கேட்காமலேயே கடன் தருகிறேன் என்று ஒரு ஆள்! நம்ம ஊரில் கேட்டாலே தெருவை மாற்றிக்கொண்டு போவார்கள். ''நோ, நோ! தாங்க்யூ!'' என்றேன், பெருந்தன்மையாக.

மனுஷன் முகம் சிவந்து போய்விட்டது. அதோடு என்னிடம் பேச்சில்லை. சாப்பாட்டு நேரத்திலும் ஆளைக் காணோம். சரியான கர்வி என்று முடிவு கட்டினேன்.

சம்பளத்தன்றுதான் ஆபீஸில் சீனியரான சீன ஆன்ட்டி விஷயத்தை உடைத்தார். ''அவன் உன்கிட்ட கடன் கேட்டானாமே? இல்லேன்னுட்டியாம். நாலு நாளா மத்தியானம் பிஸ்கட்தான்!''

சுருக்கென்றது. ஆன்ட்டியே விளக்கினார். சீன மொழியில் கடன் வாங்கினாலும் 'ஜியே', கொடுத்தாலும் 'ஜியே'. யாரிடமிருந்து, யாருக்கு என்று கூட வரும் சொற்கள்தான் திசை காட்ட வேண்டும். சில வாக்கியங்களில் அதுவும் இருக்காது. யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போனது என்று சீனர்களே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர்களிடம் வாங்கினால் 'பாரோ', கொடுத்தால் 'லெண்ட்' என்று இரண்டை நீட்டினால் எதை எடுப்பார்கள், பாவம்!

இன்னொரு கூத்து. 'திருப்பிக் கொடு' என்பதற்கும் 'இன்னும்' என்பதற்கும் அவர்களுக்கு ஒரே எழுத்து, உச்சரிப்புதான் வேறு. கடன் சீட்டில் அசந்து எழுதினால், 'பாக்கி 400 தீர்ந்தது' என்றும் படிக்கலாம். 'இன்னும் 400 பாக்கி' என்றும் படிக்கலாம். வக்கீல்களுக்குக் கொண்டாட்டம்!

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு கொசுறு: சீனக் கணக்குப் புத்தகத்தில் டெபிட்டுக்கும் அதே 'ஜியே'தான். கிரெடிட்டுக்கு 'தாய்'. கிரெடிட் தாய்க்குப் போவது நியாயம்தானே!

இங்கிலீஷ்காரனும் சிரிக்க வேண்டாம். நாம் வாடகைக்கு 'விடுகிறோம்', 'எடுக்கிறோம்'. அவனுக்கு வீட்டுக்காரர் செய்வதும் 'ரெண்ட்', குடியிருப்பவர் செய்வதும் 'ரெண்ட்'.

வாங்கிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். காகிதத்தில் என் பக்கம் வரும் அம்புக்குறி போட்டு 'பாரோ', வெளியே போகும் அம்புக்குறி போட்டு 'லெண்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் தன் மேஜையில் ஒட்டிவைத்துக்கொண்டார்.

அடுத்த மாசக் கடைசி. வாங் வந்தார். ''கேன் ஐ பாரோ ஃபிஃப்டி டாலர்ஸ்?''

கிராமர் சுத்தம். என் பர்ஸும் சுத்தம்! பன்னிரண்டு டாலர்தான் இருந்தது.

இருவருமாக ஆன்ட்டியிடம் போய் நின்றோம். ''லெண்டா, பாரோவா?'' என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. எங்கள் மூஞ்சியைப் பார்த்தார், பர்ஸைத் திறந்தார்.