சுத்தமான தண்ணீர்

பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் சங்குக்குள் வாழும் நண்டைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். பிறர் வீட்டைச் சுமந்து திரியும் துறவி என்று அதில் ஒரு படிமம். நண்பர்கள் பாராட்டினார்கள். அந்த நண்டை அதுவரை இரண்டே தடவைதான் கடற்கரையில் பார்த்திருந்தேன், அதுவும் நின்றபடியே. இப்போது கவிதைகளைத் தொகுக்கும் பேச்சு வந்திருக்கிறது. இடையில் நண்டுகளை வளர்க்கவும் நேர்ந்துவிட்டது.

மகள் கேட்டாள் என்று தொட்டி வாங்கினேன். 2 அடி நீளம். சுமார் 55 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், தொட்டிகளுக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையை ஏறக்குறைய 2 கிலோ கரைத்தோம். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. உடனே ஐந்து நண்டுகளை வாங்கிவந்து விட்டேன். "பாசியத் தின்னுக்கும் சார், தனியா எதுவும் போட வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

மூன்று நாள் தொட்டியில் பாசி ஏது? கேட்கத் தோன்றவில்லை. நண்டுகள் வெறும் பாறையை ஓயாமல் சுரண்டின. நான் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்து ரசித்தேன்.

பட்டினி ஒன்று, அதைவிட மோசம் தண்ணீர். நண்டின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இவை பாறையிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் வரை ஆகும். அதுவரை ஒரு துண்டு இறாலை வெறும் தொட்டியில் அழுகவிட்டுக் காத்திருந்திருக்க வேண்டும். வாழத் தகுந்த தண்ணீர் என்பது ஏற்கெனவே ஏதோ அழுகி முடிந்த தண்ணீர். தெளிவான உரைநடை வேண்டும் என்று இருபது வருஷமாக வாதாடி வருகிறவனுக்கு இது கொஞ்சம் உறைத்தது.

ஒன்பது நாட்களில் மூன்று செத்தன. அப்படித்தான் நினைத்தேன். முதல் இரண்டும் எடுக்கும்போதே நாறின. மூன்றாவது, கால்களும் கொடுக்கும் குலையாமல் மணலில் கிடந்தது, நாற்றமே இல்லை. காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டேன். சங்குகளை உள்ளேயே விட்டுவிட்டேன். பாதித் தண்ணீரை மாற்றுவதும் அமோனியாவை அளப்பதுமாக நாட்கள் போயின. நான்காம் நாள் மகள் கூப்பிட்டாள்: "அப்பா, மூணு இருக்கு."

நான் எறிந்தது சட்டை. நண்டு வளர்வதற்குத் தன் ஓட்டை முழுசாகக் கழற்றிப் போடுகிறது. புதுத் தோல் இறுகும்வரை சங்குக்குள் பதுங்கிக் கிடக்கிறது. உடலையும் ஓட்டையும் பிரித்தறிய மூக்கு போதும். என் மூக்கு சொன்னதை நான்தான் கேட்கவில்லை.

பிறகு உணவு கொடுக்கக் கற்றுக்கொண்டேன். துவரம்பருப்பு அளவு இறால், ஒருநாள் விட்டு ஒருநாள். சில சமயம் உலர்ந்த கடற்பாசித் துணுக்கு. மிஞ்சியதை அன்றே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் அமோனியா. மீனுக்கான சில மருந்துகளில் செம்பு இருக்கிறது. மீன் தேறும், நண்டு சாகும்.

சட்டை கழற்றிய நண்டு ஒருநாள் இரவு, செத்த நண்டு ஒன்றின் பெரிய சங்கைப் புரட்டி, வாய்க்குள் கொடுக்கை விட்டு அளந்து பார்த்தது. வெகுநேரம். பிறகு மென்மையான, வலப்பக்கம் சுருண்ட பின்னுடல் ஒரு கணம் தெரிந்தது, மாறிவிட்டது. காலி செய்த சங்கில் விடிவதற்குள் இன்னொன்று. ஹாரிஸன் வைட் என்ற சமூகவியலாளர் 1970இல், மதகுருமார் பதவிகளில் ஒரு காலியிடம் கைமாறிக் கைமாறி இறங்குவதைச் சங்கிலியாக எழுதினார். 1988இல் ஐவன் சேஸும் சகாக்களும் அதையே இந்த நண்டுகளிடம் காட்டினார்கள். எங்கள் ஆபீஸில் யாராவது ரிடையர் ஆகும்போதும் இதுதான் நடக்கிறது. போதுமான காலிச் சங்குகள் போடாவிட்டால் நத்தையைக் கொன்றே எடுத்துக்கொள்ளும்.

இதில் துறவு எங்கே இருக்கிறது? பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஒரு பேரினத்துக்கு டயோஜினிஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஜாடிக்குள் குடியிருந்த கிரேக்கத் தத்துவவாதியை நினைத்து. விஞ்ஞானிகளும் நின்றபடிதான் பார்த்திருக்கிறார்கள் போல.

கவிதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன் என்றதும் நண்பருக்குக் கோபம். நண்டு நிஜத்தில் என்ன செய்தால் கவிதைக்கென்ன, படிமம் தன்னளவில் உண்மையாக இருந்தால் போதாதா என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதே வாதத்தை நானும் வேறு கவிதைகளுக்காக எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வரி வரும்போதெல்லாம் வெறும் பாறையைச் சுரண்டிய கால்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

நண்பர் போனபின் தொட்டியைப் பார்த்தேன். கண்ணாடியில் பென்சிலால் போட்ட கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் இறங்கியிருந்தது. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு செம்பு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றினேன்.