மூன்று பங்காளிகளும் ஒரு கோட்டையும்

"கோட்டை பார்க்கப் போகிறோம்" என்று நான் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை படி?" என்பதுதான்.

என் மைத்துனன் ஜெர்மனியில் கோப்ளென்ஸ் நகரில் உத்தியோகம் பார்க்கிறான். ரைன் நதியும் மோஸல் நதியும் கூடுகிற ஊர் அது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு மோஸல் கரைக் கோட்டைகளைப் பார்க்காமல் போகலாமா, அத்தான்?" என்று கிளப்பிவிட்டவன் அவன்தான். கிளப்பிவிட்டவன் கூட வரவில்லை. ஆபீசில் லீவு இல்லையாம். ஆகவே அக்டோபர் மாதத்துக் காலை ஒன்றில் நாங்கள் இருவர் மட்டும், ஒரு பிளாஸ்க் காப்பியுடன் ரயிலேறினோம். என் கோட்டுப் பையில் ஊரிலிருந்து அண்ணா கொடுத்தனுப்பிய ஒரு காகிதமும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மோஸல் அவசரமே இல்லாத நதி. பிரான்ஸ் நாட்டு மலைகளில் பிறந்து, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வருகிறது. இரு கரையிலும் செங்குத்தான மலைச் சரிவு. சரிவு முழுவதும் திராட்சைக் கொடிகள். அந்தச் சரிவில் ஆள் நிற்பதே கஷ்டம். ஆனால் அங்கே நின்றுகொண்டு பழம் பறிக்கிறார்கள்! கொடிகளுக்கு மேலே, இரண்டு வளைவுக்கு ஒன்றாக, இடிந்த கோபுரமோ மொட்டைச் சுவரோ தென்படுகிறது.

கோஹெம் என்ற ஊரில் இறங்கினோம். ஊருக்கு நேர் மேலே, சுமார் நூறு மீட்டர் உயரத்தில், கதைப் புத்தகத்து அட்டைப்படம் போல ஒரு கோட்டை. கூர் கூரான கோபுரங்கள்; பெரிய கோபுரத்தின் மேல் புனித கிறிஸ்டோபரின் உருவம் வண்ணக் கற்களால் பதித்திருக்கிறது. மூச்சு வாங்க மேலே ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழைய கோட்டையை 1689-ம் வருஷம் பதினாலாம் லூயி மன்னனின் பிரெஞ்சுப் படைகள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டன. நூற்றெண்பது வருஷம் கற்குவியலாகக் கிடந்ததை 1868-ல் ராவனே என்ற பெர்லின் வியாபாரி முந்நூறு தங்க மார்க்குக்கு வாங்கி, 1877-க்குள் தம் மனசுக்குப் பிடித்தபடி கட்டி முடித்தார்.

"அப்போ இது பழசு மாதிரி இருக்கிற புதுசு!" என்றாள் என் மனைவி.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அந்த வியாபாரியின் கதையைக் கேட்டதும் மனசு மாறிற்று. குடும்பத்தோடு கோடை காலத்தைக் கழிக்க வேண்டுமென்றுதான் அத்தனை பெரிய மாளிகையை எழுப்பினார். கட்டிட வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1874-ல், அவர் மனைவி இன்னொருவருடன் போய்விட்டாள். தியோடோர் ஃபோன்டானே என்ற நாவலாசிரியர் இந்தச் சம்பவத்தைக் கருவாக வைத்து ஒரு நாவலே எழுதினார். கோட்டை பூர்த்தியான இரண்டாவது வருஷம் ராவனேயும் காலமானார். 1978-ல் ஊரார் அதை விலைக்கு வாங்கியபோது கொடுத்த தொகை 6,64,000 மார்க்!

மத்தியானம் பைல்ஷ்டைன் என்ற சின்னஞ்சிறு கிராமம். பாலம் கிடையாது, எதிர்க்கரையிலிருந்து ஓடத்தில் போனோம். ஊருக்கு மேலே மெட்டர்னிக் கோட்டை. ஆஸ்திரியாவின் மந்திரியாக இருந்து ஐரோப்பாவையே ஆட்டிவைத்த மெட்டர்னிக்கின் மூதாதையருக்குச் சொந்தமாக இருந்தது. அதே 1689-ல், அதே பிரெஞ்சுப் படை, அதே கதி. ஐந்து மூலைக் கோபுரம் ஒன்றும் சில சுவர்களுமே மிச்சம். இதை யாரும் திருப்பிக் கட்டவில்லை. உண்மையைச் சொன்னால் கோஹெமை விட எனக்கு இதுதான் பிடித்தது. உடைந்த சுவரில் சாய்ந்து, கீழே ஆறு திரும்புவதைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் எல்ட்ஸ் கோட்டை. மோஸல்கெர்ன் என்ற ஸ்டேஷனில் இறங்கி, எல்ட்ஸ்பாக் என்ற சிற்றோடையை ஒட்டிக் காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். "கோட்டை எங்கேங்க?" என்று என் மனைவி பத்தாவது தடவையாகக் கேட்டபோது, மரங்கள் விலகின. மூன்று பக்கமும் ஓடை சுற்றி ஓட, எழுபது மீட்டர் உயரப் பாறையின் மேல், எட்டு மாடி பத்து மாடி என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது கோட்டை. ஒரே கட்டிடம் போலவும் இல்லை, தனித்தனி வீடு போலவும் இல்லை. 1965-ல் வெளியான ஐந்நூறு மார்க் நோட்டின் பின்புறத்தில் இருந்தது இந்தக் கோட்டைதான். எந்தப் போரிலும் இதை யாரும் தகர்த்ததில்லை. 1157-ம் வருஷத்துச் சாசனத்தில் சாட்சியாகப் பெயர் காணப்படும் ருடால்ஃபின் வம்சத்தாரிடமே 33 தலைமுறைகளுக்கு மேலாக இருந்து வருகிறது.

பக்கத்துக் கோட்டையெல்லாம் பறக்க, இது மட்டும் எப்படித் தப்பியது? அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் பிரெஞ்சுப் படையிலேயே பெரிய அதிகாரியாக இருந்தார். இடிக்க வேண்டிய கட்டிடங்களின் ஜாபிதாவிலிருந்து எல்ட்ஸ் பெயரை அவர் அடித்துவிட்டார். பகைவனிடம் சம்பளம் வாங்கியவர்தான். ஆனால் அவர் இல்லாவிட்டால் நான் பார்க்க என்ன இருந்திருக்கும்?

எனினும், வெளிப் பகை ஒரு பக்கம் இருக்கட்டும். நான் அயர்ந்துபோனது வேறொரு சங்கதியில். எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிக் என்று மூன்று சகோதரர்களுக்குள் தகராறு வந்து, 1268-ல் பாகப் பிரிவினை ஆகியிருக்கிறது. ஒரு கிளைக்குத் தங்கச் சிங்கம் கொடி, இன்னொன்றுக்கு வெள்ளிச் சிங்கம், மூன்றாவதற்கு எருமைக் கொம்பு. ஆனால் பிரிந்தவர்கள் கோட்டையை விட்டுப் போகவில்லை! ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி வீடாகக் கட்டிக்கொண்டார்கள். ஐந்நூறு வருஷம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். எண்பதுக்கு மேற்பட்ட அறைகள்; ஒரு காலத்தில் நூறு பேர் வரை வசித்தார்களாம். இப்படிப் பங்காளிகள் சேர்ந்து அனுபவிக்கும் கோட்டைக்கு ஜெர்மன் பாஷையில் தனிப் பெயரே உண்டு: கானெர்பென்புர்க்.

"தனித்தனி அடுப்பா?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி ரோடென்டார்ஃப் கிளையாரின் பழைய சமையலறைக்குள் நுழைந்தவள், வெளியே வர மறுத்துவிட்டாள். நான் ராணுவ மண்டபத்துக் கவசங்களைப் பார்த்ததை விட அவள் மாவுப் பெட்டியைப் பார்த்த நேரம் அதிகம்.

மூன்று குடும்பமும் கூடிப் பேசுவதற்குப் பொதுவாக ஒரு மண்டபம் இருக்கிறது. அதன் சுவரில் கோமாளி முகங்கள். வாசல் மேலே ஒரு ரோஜாப்பூ. கோமாளி எதையும் பேசலாமல்லவா? அதுபோல இங்கே யாரும் மனசில் பட்டதைப் பேசலாம். ரோஜாவுக்கு அர்த்தம், பேசியது வாசலைத் தாண்டக் கூடாது என்பது.

அன்பினால் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இத்தகைய கோட்டைகளில் பங்காளிகள் 'கோட்டைச் சமாதானம்' என்று உடன்படிக்கை எழுதிக்கொள்வது வழக்கம். மதிலுக்குள் ஒருவர் மேல் ஒருவர் கை ஓங்கக் கூடாது. வாயிற்கதவைப் பழுதுபார்க்கிற செலவு யார் யாருக்கு எவ்வளவு என்றெல்லாம் அதில் எழுதுவார்கள். 1786-ல் ரோடென்டார்ஃப் கிளை வாரிசில்லாமல் போய், 1815-ல் ரூபெனாக் கிளையின் பங்கையும் கெம்பெனிக் கிளையார் வாங்கிய பிறகுதான் கோட்டை ஒரு கைக்கு வந்தது.

இப்போது கோட்டுப் பைக் காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிராமத்து வீட்டின் பாகப் பத்திர நகல் அது. அண்ணா, நான், தம்பி என்று மூன்று பேர். முற்றத்தில் சுவர் எழுப்பும் விஷயத்தில் ஆரம்பித்து, அண்ணாவும் தம்பியும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. நான் கையெழுத்துப் போட்டால் வீடு மூன்று துண்டு. ஊர் திரும்பியதும் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். பத்திரிகைக்காரன், ஊர் உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்கிறவன். இதில் மட்டும் ஒரு வார்த்தை வாய் திறந்ததில்லை.

கோட்டைக்கு எதிர்ச் சரிவில் ட்ரூட்ஸெல்ட்ஸ் என்று ஓர் இடிபாடு இருக்கிறது. ட்ரியர் நகரத்துப் பேராயர் பால்டுவின், எல்ட்ஸ் பிரபுக்களை அடக்குவதற்காகக் கட்டிய முற்றுகைக் கோட்டை. 1331 முதல் 1336 வரை நடந்த சண்டையில் இங்கிருந்துதான் கல் குண்டுகளை வீசினார்கள். பிரபுக்கள் கடைசியில் பணிந்தார்கள். ஜெயித்தவன் கோட்டை இன்று நாலு சுவர். தோற்றவன் கோட்டை எதிரே ஜம்மென்று நிற்கிறது.

அந்த நாலு சுவரில் ஒன்றின் அடியில் உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சஞ்சாதத்தைச் சாப்பிட்டோம். கையைத் துடைத்துக்கொண்டு என் மனைவி, "அந்தக் காகிதத்தைக் கொடுங்க" என்றாள். கொடுத்தேன். ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்தாள்.

"கிணறு யாருக்குன்னு இதுல எழுதவே இல்லையே?"

"அண்ணா பங்கில் வருகிறது."

"அப்போ உங்க தம்பி பெண்டாட்டி தண்ணிக்கு எங்கே போவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பேனா இருக்கா?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பத்திரத்தின் ஓரத்தில், 'கிணறு, முற்றம், கொல்லை வழி மூன்றும் பொது' என்று எழுதினாள். பிறகு சற்று யோசித்து, 'முற்றத்தில் சுவர் கிடையாது' என்று அடியில் ஒரு வரி சேர்த்தாள்.

"உங்க அண்ணாவுக்கு இன்னிக்கே போன் பண்ணிடுங்க" என்று எழுந்தாள். காட்டுக்குள் டெலிபோன் எடுக்கவில்லை. ரயிலடிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.