வீக் ஆசிட்னா சும்மாவா?



திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் நம்ம பழைய மாணவர் போன வாரம் போன் செய்தார். "சார், புதுசா வந்த பசங்க அசிட்டிக் ஆசிட் கேனைக் கையுறை, கண்ணாடி இல்லாமத் தூக்கறாங்க. கேட்டா 'அது வீக் ஆசிட்தானுங்ணா'ங்கறாங்க. நீங்க ஒரு பதிவு போடுங்க, அவங்களுக்கு அனுப்பறேன்" என்றார். அதற்காகத்தான் இது.

தம்பிகளா, 'வீக்' என்று நீங்கள் படித்தது சரிதான். ஆனால் அந்தச் சொல் ஆபத்தைப் பற்றியது அல்ல. தண்ணீரில் எத்தனை பங்கு மூலக்கூறு பிரிகிறது என்பதைப் பற்றியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் முழுவதும் பிரிந்துவிடும். 0.1 மோலார் கரைசலில் ஹைட்ரஜன் அயனியும் 0.1 மோலார். பி.எச். 1. அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. இதை 0.1 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 0.00134. பி.எச். 2.87. அதாவது 100 மூலக்கூறில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் பிரிந்திருக்கிறது. மீதி 98 அப்படியே உள்ளே இருக்கிறது.

உள்ளே இருப்பது சும்மா இருக்காது. லேபில் பியூரெட் பிடித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு அமிலத்திலும் 10 மில்லி எடுத்தால், இரண்டுக்குமே 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10 மில்லி வேண்டும். வெளியே வந்த அயனியைக் காரம் பிடிக்கப் பிடிக்க, உள்ளே இருப்பது பிரிந்து வந்துகொண்டே இருக்கும்.

தலைகீழாகவும் பார்க்கலாம். பி.எச். 3 வர ஹைட்ரோகுளோரிக் 0.001 மோலார் போதும். அசிட்டிக் என்றால் சுமார் 0.057 மோலார் வேண்டும். பி.எச். பேப்பர் இரண்டுக்கும் ஒரே நிறம்தான் காட்டும். ஆனால் ஒன்றில் இருக்கும் அமிலம் மற்றதைப்போல 57 மடங்கு!

சோடா ஆஷ் போட்டுச் சாயம் ஏற்றிய பருத்தித் துணியை நடுநிலைக்குக் கொண்டுவர அசிட்டிக் அமிலம் பயன்படுவதற்கும் காரணம் உண்டு. மிஞ்சினாலும் காயும்போது ஆவியாகிப் போய்விடும். கந்தக அமிலம் மிஞ்சினால் துணி காயக் காய அடர்த்தியாகி நூலை அரித்துவிடும். துணிக்கு இது நல்லது என்பதால் தோலுக்கும் கண்ணுக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

சமையல் வினிகரில் 4, 5 சதவீதம்தான் அமிலம். கிளேசியல் அசிட்டிக் ஆசிட்டில் 99 சதவீதத்துக்கு மேல். தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதன் ஆவி தீயும் பிடிக்கும். சுமார் 40 டிகிரி வெப்பம் போதும், நம்ம ஊர் சித்திரை வெயிலே அந்தப் பக்கம்தான். கேன் பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

தெறித்துவிட்டால் சோடாவைத் தேடி ஓடாதீர்கள். பட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண் என்றால் இமையைத் திறந்து பிடித்துக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு உடனே ஆஸ்பத்திரி. நீர்க்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

ஆசிரியராக இருக்கும் நம்ம பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 'வீக் ஸ்டூடண்ட்' என்று பிள்ளைகளை எழுதித் தள்ளுகிறோமே, அங்கும் பரீட்சைத் தாளில் வெளியே தெரிவது ஒரு பங்குதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினால் மீதியும் வரும். சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து வந்தவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கே தெரியும்.

சரி, வீட்டுப்பாடம்: அமோனியாவின் மாறிலியும் 1.8 × 10⁻⁵ தான். 0.1 மோலார் கரைசலின் பி.எச். என்ன? வழியோடு கமெண்டில் போடுங்கள். கால்குலேட்டர் எடுக்கலாம், கூகுள் கூடாது!

அந்தத் தம்பிகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

— உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார், கருமத்தம்பட்டி