அந்தப் பெட்டி யாருடையது?

ஃபைபர் இணைப்புக்குச் சொல்லிவைத்தால் கம்பியோடு ஒரு வெள்ளைப் பெட்டியும் வீட்டுக்கு வருகிறது. எங்கள் பக்கம் எல்லோரும் அதை மோடம் என்கிறார்கள். ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுவது, வீட்டுக்குள் வைஃபை பரப்புவது, லேண்ட்லைனில் பேச வைப்பது என்று எல்லா வேலையும் அதற்குள்ளேயே நடக்கிறது. மாட்டிவிட்டுப் போகிறவர் வைஃபை பெயரையும் அதன் பாஸ்வேர்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். பெட்டியின் அமைப்புகளை மாற்றுவதற்கான பாஸ்வேர்டைக் கேட்டால் கிடைக்காது. காசு போட்டு நாமே வாங்கிய நல்ல ரவுட்டரை இந்த இணைப்பில் மாட்டலாமா என்றால் "அது ஆகாதுங்க" என்பதுதான் பதில். ஏன் ஆகாது? ஆகாதென்று முதலில் சொன்னது யார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கிளம்பினேன்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். கொழிஞ்சாம்பாறையை அடுத்த தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு கோயமுத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறான். அந்தக் காலத்துத் தடித்த சுவர். பெட்டியிலிருந்து வரும் வைஃபை இரண்டாவது அறையைத் தாண்டவில்லை. நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கி வந்தான். லைன் பார்க்கும் தம்பி நல்ல பையன், மறைக்காமல் சொன்னார்: "பாஸ்வேர்டு எங்க கையில இல்லீங்ண்ணா. எல்லாம் ஆபீஸ்ல இருந்துதான் பண்றாங்க. வேணும்னா உங்க ரவுட்டர இந்தப் பெட்டிக்குப் பின்னாடி மாட்டிக்கோங்க." அப்படியே மாட்டினோம். நெட் வந்தது. ஆனால் முகவரி மாற்றும் வேலையைக் கம்பெனிப் பெட்டியும் செய்தது, எங்கள் ரவுட்டரும் செய்தது. மோட்டார் ரூமில் வைத்திருந்த கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியாமல் போயிற்று. பெட்டியைப் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றிக் கொடுங்கள், அதாவது அது ஒளியை மாற்றும் வேலையோடு நிற்கட்டும், மற்றதை எங்கள் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும் என்று எழுதிக் கேட்டோம். இணைப்புக் கொடுத்த நிறுவனம் மறுத்துவிட்டது. காரணம் எதுவும் எழுதவில்லை.

காரணத்தைத் தேடி முதலில் போனது கஞ்சிக்கோட்டுக்கு. வாளையாறைத் தாண்டிப் பாலக்காடு போகும் வழியில் இருக்கும் ஐடிஐ தொழிற்சாலை 1976இல் தொடங்கியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கான எலெக்ட்ரானிக் கருவிகள் செய்த இடம். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் என் கேள்வியைச் சொன்னேன். அவருக்கு அது புதிதாகவே படவில்லை. "அந்தக் காலத்துல கறுப்பு போன் வீட்ல இருக்கும். ஆனா அது வீட்டுக்காரங்களுது இல்ல, டிப்பார்ட்மென்டோடது. ரிப்பேர்னா அவங்கதான் வரணும். நாம ஸ்க்ரூ டிரைவரத் தொடப்படாது" என்றார்.

அந்த வழக்கத்துக்குப் பின்னால் இருந்தது 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். அதன் 4ஆம் பிரிவு, தந்தி அமைத்து நடத்தும் தனியுரிமையை மத்திய அரசுக்குக் கொடுத்தது. டெலிபோனும் அந்தச் சட்டத்துக்குள்தான் வந்தது. தெருவில் கம்பம் நடும் உரிமையைப் பற்றிய சட்டம்தான்; ஆனால் அதன் நிழல் வீட்டு ஹாலில் இருக்கும் போன் வரைக்கும் நீண்டது. அரசுத் துறை கம்பி இழுத்தது, அரசுத் தொழிற்சாலை போன் செய்தது, வீட்டுக்காரர் வாடகை கட்டினார். கம்பியின் முனையில் எதை மாட்டுவது என்ற கேள்விக்கே அதில் இடம் இருக்கவில்லை.

அந்தக் கேள்வி கோர்ட் ஏறியது அமெரிக்காவில். அங்கே கம்பியை வைத்திருந்தது அரசு அல்ல, ஏடி அண்ட் டி என்ற தனியார் நிறுவனம். ஆனாலும் நிலைமை இங்கே போலத்தான். ஹஷ்-ஏ-போன் என்று ஒரு சின்னக் கருவி விற்பனைக்கு வந்தது. ரிசீவரில் பேசும் இடத்தில் பொருத்திக்கொள்ளும் வெறும் கிண்ணம் அது. பேசுவது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாது. அதில் மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. அதையும் கூடாது என்றது நிறுவனம். தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி நிறுவனத்தின் பக்கமே நின்றது. 1956இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. பொதுமக்களுக்குத் தீங்கு செய்யாத எதையும் தன் போனில் தனக்கு உபயோகமாக வைத்துக்கொள்ளச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அடுத்தவர் டெக்ஸாஸ்காரர் தாமஸ் கார்ட்டர். எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்கிறவர்கள் கையில் டூ-வே ரேடியோ இருக்கும், போன் இருக்காது. அந்த ரேடியோவை ஊர் டெலிபோனோடு சேர்க்கக் கார்ட்டர்போன் என்ற கருவியைச் செய்தார். ரிசீவரை எடுத்து அதன் மேல் வைத்தால் போதும், ஒலி வழியாகவே இரண்டும் பேசிக்கொள்ளும். ஏடி அண்ட் டி தடுத்தது. அவர் வழக்குப் போட்டார். 1968இல் எஃப்சிசி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெளிக்கருவிகளை அடியோடு தடுக்கும் விதி செல்லாது என்றது. அதற்குப் பிறகு, ஒரு தரத்துக்கு உட்பட்ட எந்தக் கருவியையும் யாரும் சுவரில் உள்ள சாக்கெட்டில் செருகலாம் என்று விதிகள் மாறின. ஆன்சரிங் மெஷின், ஃபேக்ஸ், மோடம் எல்லாம் வீடுகளுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான். இன்று நம் வீட்டுக்கு வரும் இன்டர்நெட்டின் வேர்களில் ஒன்று அந்த எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கார்ட்டர் தோற்றிருந்தால், ஒரு கல்லூரி மாணவன் கடையில் மோடம் வாங்கி வந்து கம்பெனியைக் கேட்காமல் மாட்டிப் பார்த்திருக்க முடியாது.

இந்தியாவிலும் கதவு திறந்தது. 1984இல் போன் கருவிகள் செய்யத் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில்தான் சி-டாட் ஆராய்ச்சி மையமும் தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தபோது டயல்-அப் மோடத்தைக் கடையில் வாங்கி நாமே மாட்டினோம். 2005இல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. அப்போதும் மோடத்தை வாடகைக்கும் எடுக்கலாம், சொந்தமாகவும் வாங்கலாம். விபிஐ 0, விசிஐ 35 என்ற இரண்டு எண்களைப் போட்டு, கொடுத்த யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் தட்டினால் எந்தக் கடை மோடமும் வேலை செய்யும். அந்தக் காலத்து மோடம் அமைத்தவர்களுக்கு இன்றைக்கும் அந்த எண்கள் மனப்பாடம்.

ஆக, செப்புக்கம்பியில் நம்மிடம் இருந்த உரிமை இது. கண்ணாடி இழைக்கு மாறும்போது கை நழுவியிருக்கிறது. எந்தச் சட்டமும் வந்து பிடுங்கவில்லை. பெட்டி இலவசமாக வந்தது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. அதை இடுக்கியில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க்கில் எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளும் சேர்க்கப்பட்ட முதல் மாவட்டம் இடுக்கி. 2015 ஜனவரியில் அப்போதைய மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அதைத் தொடங்கிவைத்தார். தேயிலைத் தோட்டமும் காடுமாக, மழைக்காலத்தில் மண் சரியும் மலையில் இதைச் செய்தது பெரிய காரியம். அந்தத் திட்டத்தில் ஓடியது சி-டாட் உருவாக்கிய ஜிபான் தொழில்நுட்பம். இன்று கேபிள்காரர்கள் வீடுகளுக்குக் கொடுக்கும் ஃபைபரும் பெரும்பாலும் அதே முறைதான்.

மூணாறில் லயத்தில் பிறந்து வளர்ந்து டெலிபோன் துறையில் லைன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் விளக்கினார். எக்ஸ்சேஞ்சில் ஓஎல்டி என்ற கருவி. அதிலிருந்து ஒரு இழை கிளம்பி ஸ்ப்ளிட்டரில் 32, 64 வீடுகளுக்குப் பிரியும். வழியில் மின்சாரம் தேவையில்லை, ஒளியே பிரிகிறது. கீழே வரும் ஒளி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட். பூட்டுப் போட்ட அந்தத் தரவில் தன் வீட்டுக்கு உரியதை மட்டும் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும், அதாவது ஓஎன்டியும், பிரித்து எடுத்துக்கொள்ளும். மேலே போவதில்தான் சிக்கல். எல்லா வீட்டுக்கும் ஒரே பாதை, ஆளுக்கொரு நேரம். சித்தூர்ப் பக்கம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான். உன் முறைக்கு நீ திறக்கலாம், மற்ற நேரம் மடை அடைத்திருக்க வேண்டும்.

"அண்ணே, ஒரு ஓஎன்டி கெட்டுப்போய் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுன்னா அந்த ஸ்ப்ளிட்டர்ல இருக்க அத்தனை வீடும் படுத்துரும். எந்த வீட்டுதுன்னு கண்டுபிடிக்கக் கம்பி கம்பியாக் கழட்டிப் பாக்கணும். மழையில அந்த வேலை பாத்தவனுக்குத்தான் தெரியும்" என்றார் நண்பர்.

இதனால்தான் ஒவ்வொரு ஓஎன்டிக்கும் ஒரு சீரியல் நம்பர்: தயாரிப்பாளரைக் குறிக்கும் நான்கு எழுத்து, பின்னால் எட்டு இலக்கம். அது ஓஎல்டியில் பதிவாகியிருந்தால்தான் இணைப்பு எழும். ஒளி முனையில் கம்பெனிக்கு ஒரு பிடி வேண்டும் என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அப்போதும் சொந்தப் பெட்டி முடியாத காரியம் அல்ல. பிஎஸ்என்எல் ஃபைபரில் பொருந்தக்கூடிய ஓஎன்டியை நாமே வாங்கி, அதன் சீரியல் நம்பரைப் பதிவுசெய்துகொள்ளலாம்.

ரவுட்டருக்கோ இந்தக் காரணம் ஒட்டவே ஒட்டாது. ரவுட்டர் ஒளியைத் தொடுவதில்லை. வீட்டுக்குள் எந்தப் போனுக்கு எந்த முகவரி, குழந்தைகள் எந்த நேரம் வரை நெட் பார்க்கலாம், பாஸ்வேர்டு என்ன என்பதெல்லாம் அதன் வேலை. ஒளிப் பெட்டியையும் ரவுட்டரையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தது செலவு குறையவும், தொலைவிலிருந்தே பழுது பார்க்கவும். டிஆர்-069 என்ற முறை 2004இல் வந்தது. கம்பெனி தன் ஆபீஸில் இருந்தபடியே வீட்டுப் பெட்டியின் அமைப்பைப் பார்க்கலாம், மாற்றலாம். மலைமேல் இருக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் சரிசெய்ய முடிவது நல்ல விஷயம்தான். எல்லோருக்கும் ரவுட்டர் அமைக்கத் தெரியாது. ஆனால் தெரிந்தவருக்கும் கதவை அடைப்பதை நியாயப்படுத்த அது போதாது.

ஒரே மாதிரிப் பெட்டி ஊரெல்லாம் இருப்பதில் ஆபத்தும் உண்டு. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருடைய இணைப்பு ஒரு தாக்குதலில் தடுமாறியது. தொலைவிலிருந்து பெட்டியை நிர்வகிக்கத் திறந்துவைத்த வாசலைத்தான் தாக்குதல் தட்டியது. 2017 ஜூலையில் இந்தியாவில் பிஎஸ்என்எல் மோடம்களுக்கும் அப்படியொன்று நடந்தது. ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள் அகப்பட்டன.

அதே ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்தின் வலை சுவரில் உள்ள முனையோடு முடிகிறது. அதற்கு இந்தப் பக்கம் என்ன மாட்டுவது என்பது வீட்டுக்காரர் விருப்பம். இணைப்புக்கு வேண்டிய விவரங்களை நிறுவனம் கேட்காமலே கொடுக்க வேண்டும். சொந்தக் கருவியைப் பயன்படுத்தும் உரிமை 2015ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதியிலும் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அதே செட்டாப் பாக்ஸ் செல்ல வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. டிவிப் பெட்டிக்கு எழுந்த அந்தக் கேள்வி இன்டர்நெட் பெட்டிக்கும் எழ வேண்டும். ஒளியை மாற்றும் பெட்டியைக் கம்பெனி வைத்துக்கொள்ளட்டும். ரவுட்டர் வீட்டுக்காரருடையது என்பது என் முடிவு.

அக்கா மகன் இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டான். அங்கே கேட்டதுமே பிரிட்ஜ் மோடு போட்டுக் கொடுத்தார்கள். வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ குமுளியிலோ போடிமெட்டுப் பக்கமோ புதிதாக ஃபைபர் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: பிரிட்ஜ் மோடு கிடைக்குமா, இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் கொடுப்பீர்களா, ரவுட்டரில் போட வேண்டிய விஎல்ஏஎன் எண் என்ன, என் ரவுட்டரை வைத்தால் லேண்ட்லைன் பேசுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றால், ஏன் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.