பாம்புக் கண்ணுல கண்ணாடி!

வேங்கிக்கால் ஏரிப் பக்கம் முள்ளுல மாட்டிக் கிடக்குற பாம்புச் சட்டையைப் பார்த்திருக்கீங்களா பாஸ்? அடுத்த தடவை தலைப் பக்கம் உத்துப் பாருங்க. கண் இருந்த இடத்துல ரெண்டு குட்டிக் கண்ணாடி வட்டம் தெரியும்!

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் காப்பது ஒரு தெளிவான செதில்தான். சட்டையோடு அதுவும் கழலணும். சில நாள் முன்னாடி கண் நீலம் கலந்த பால் நிறமாகும், பார்வை மங்கும். அது நோயில்லை, கழற்றுறதுக்கு முன்னாடியே தெளிஞ்சிடும்.

சிக்கலே கூண்டுலதான். ஏ.சி. ரூம்ல காற்று வறண்டா, உரசிக்கக் கல்லு, கட்டை இல்லைன்னா, சட்டை துண்டு துண்டாக் கிழியும். கண் செதில் ஒட்டிக்கிட்டே நிக்கும். நகத்தால பிச்சீங்கன்னா, கண்ணே போயிடலாம். ஈரப்பதத்தைக் கூட்டிட்டு கால்நடை மருத்துவர்கிட்ட ஓடுறதுதான் வழி.

'ரூம்ல பாம்பு வளர்த்தா கெத்து மச்சி'ன்னு சொல்ற நண்பர் இருக்காரா? 1972 வனவிலங்குச் சட்டப்படி நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு எதையும் பிடிச்சு வளர்க்கக் கூடாதுனு சொல்லுங்க. மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான்னாலும், 2022-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அரசாங்கத்துல பதிவு செய்யணும்.

ஆசையா இருந்தா கிண்டி பாம்புப் பண்ணைக்கு டிக்கெட் எடுங்க. கண்ணு வலிச்சாலும் கத்தத் தெரியாத ஜீவன் பாஸ் அது!