நாலு பக்கமும் மஞ்சள்

நூர்பர்க்ரிங்கில் முதல் ரவுண்டு முடிந்து காரை விட்டு இறங்கியதும், எங்களுக்குப் பின்னால் வந்த கார்க்காரர் நேராக எங்களிடம் வந்தார். கோபமில்லை, நிஜமான குழப்பம். "உங்க வண்டிக்கு என்ன ஆச்சு? மூணு தடவை ஹஸார்ட் போட்டீங்க. ரோட்ல ஆயில் கொட்டுதோன்னு பயந்துட்டேன்." ஓட்டியது என் டீம்மேட். நான் பக்கத்து சீட்டில் வாந்தியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். இரண்டு பேருமே ஹஸார்ட் சுவிட்சைத் தொடவில்லை. கார் தானாகப் போட்டுக்கொண்டது.

இதில் எனக்குக் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. ஸ்டுட்கார்ட்டில் நான் சாப்பிடும் சோறு கார் விளக்குகளுக்கு மென்பொருள் எழுதிக் கிடைப்பதுதான்.

ஐ.நா.வின் 48-ஆம் எண் வாகன விதிமுறையில் இதற்கு இடம் இருக்கிறது. 50 கி.மீ. வேகத்துக்கு மேல் போகும் கார் அவசரமாகப் பிரேக் அடித்தால், பிரேக் விளக்குகளோ இண்டிகேட்டர்களோ நொடிக்குச் சுமார் நாலு முறை துடிக்கலாம். சாதாரண ஹஸார்ட் நொடிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டுதான். 'அவசரமாக' என்பதற்கு எண் உண்டு. ஒவ்வொரு நொடியும் வேகம் 6 மீட்டர்/நொடி குறைய வேண்டும். (ஏபிஎஸ் முழுதாக வேலை செய்யும்போது கணக்கு வேறு.) அந்த எண் 2.5க்குக் கீழே போனால் துடிப்பு நின்றுவிட வேண்டும். தொடங்க ஒரு எண், நிறுத்த வேறொரு எண் ஏன்? வீட்டு மேல்தொட்டி மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மட்டத்தில் ஆனும் ஆஃபும் வைத்தால் மோட்டார் விக்கல் எடுத்துக்கொண்டே இருக்கும்.

சிக்னலில் நிற்க நாம் அடிக்கும் பிரேக் இரண்டு மூன்றைத் தாண்டாது. ஆகவே ஊருக்குள் ஆறு என்பது பெரிய எண். ரேஸ் டிராக்கில் அது சோம்பேறித்தனம். நல்ல டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் பத்தைத் தொடும். ஷ்வேடன்க்ராய்ட்ஸைத் தாண்டி 200க்கு மேல் வந்து, ஆரெம்பெர்க் வளைவுக்காக மிதிக்கிறார்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் மிதிக்கிறார்கள், அதில் அவசரம் எதுவும் இல்லை. வளைவுக்குள் நுழைந்த பிறகும் பிரேக்கை முழுசாக விடமாட்டார்கள். எண் 2.5க்கு மேலேயே நிற்கும். கார் திரும்புகிறது, நாலு பக்கமும் மஞ்சள் துடித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த 20.8 கி.மீ. பாதையில் மஞ்சளுக்கென்று ஒரு பேச்சே இருக்கிறது. வலது இண்டிகேட்டர் போட்டால் 'பார்த்துட்டேன், இடது பக்கமா முந்திப் போ'. ஹஸார்ட் போட்டால் 'வண்டி கெட்டுப்போச்சு, மெதுவா வா'. (நம்மூரில் அதற்கு 'நேராப் போறேன்' என்று அர்த்தம். டிரைவிங் கற்றுக்கொண்ட காலத்தில் நானும் அப்படிப் போட்டவன்தான்.) கார் தானாக நாலையும் துடிக்கவிட்டால் இரண்டு அர்த்தமும் கெட்டுவிடும்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, டிராக் மோடில் இதை அணைக்க ஆப்ஷன் கேட்டு டீம்மேட் ஒரு டிக்கெட் போட்டான். நான் நீளமாக ஆதரித்து எழுதினேன். ராத்திரி மூன்று மணிக்கு அடிக்கும் பொய் அலாரத்தை நாலாவது தடவை மியூட் பண்ணிவிட்டுத் தூங்கிய அனுபவம் எல்லா சாஃப்ட்வேர்காரனுக்கும் உண்டு. ஐந்தாவதுதான் நிஜமானதாக இருக்கும். எழுதி முடித்ததும் என்மேல் எனக்கே மரியாதை வந்தது.

நவம்பரில், மியூனிக் போகும் ஏ8 சாலையில், உல்முக்கு முன்னால், லேசான மழையில் 120-இல் வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வளைவு திரும்பினால் எல்லாம் நின்றுகொண்டிருக்கிறது. ஜெர்மனியில் நெரிசலின் வாலைப் பார்த்ததும் ஹஸார்ட் அழுத்திப் பின்னால் வருபவர்களை எச்சரிப்பது வழக்கம். நான் அதைத் தவறாமல் செய்கிறவன், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்றைக்குச் செய்யவில்லை. காலால் பிரேக்கைத் தரையோடு மிதித்துக்கொண்டிருந்தேன், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கிடந்தன. கண் மட்டும் கண்ணாடியில். ஒரு வெள்ளை வேன், பெரிசாகிக்கொண்டே.

அந்த வேகத்திலிருந்து நிற்க நாலு அல்லது ஐந்து நொடி ஆகும். என் ஞாபகத்தில் அது வேறு நீளம். நின்றபோது வேனின் நம்பர் பிளேட் கண்ணாடியில் தெரியவில்லை, அவ்வளவு கிட்டே. அப்புறம்தான் டிக், டிக் சத்தம் காதில் விழுந்தது.

"ஹஸார்ட் நீ போட்டியா?" என்றாள் மனைவி.

"இல்ல."

மகள் எழுந்து, "ஊரு வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

துடித்த விளக்குதான் வேன்காரரை நிறுத்தியது என்று சத்தியம் பண்ணமாட்டேன். வெறும் பிரேக் விளக்கைப் பார்த்தே நின்றிருக்கலாம். ஆனால் எனக்குச் செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்யமுடியாமல் போன நேரத்தில், நான் குறை சொன்ன அந்தச் சில வரி கோடு அதைச் செய்தது.

டிக்கெட்டைத் திரும்பத் திறந்தேன். டிராக்கைப் பற்றி எழுதியது எதுவும் தப்பில்லை, அதை அழிக்கவில்லை. ஆனால் நூர்பர்க்ரிங்கிலிருந்து அன்று சாயங்காலம் வீடு திரும்பியது ஞாபகம் வந்தது. கார் பாதி ஆட்டோபானுக்கு டிராக் மோடிலேயே ஓடியது. மாற்ற எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எனவே கீழே ஒரு வரி சேர்த்தேன்: அணைக்கும் வசதி இருக்கட்டும், ஆனால் என்ஜினை நிறுத்தி மறுபடி எடுத்தால் எச்சரிக்கை தானாகத் திரும்பிவிட வேண்டும்.

மத்தியானம் டீம்மேட் என் மேஜைக்கு வந்தான். "அப்போ ஒவ்வொரு தடவை டிராக்ல இறங்கும்போதும் நான் மெனுவுக்குள்ள போய் அணைக்கணுமா? மூணு ஸ்க்ரீன் தள்ளி இருக்கு."

"ஆமா," என்றேன். "அது அங்கயே இருக்கட்டும்."