முழங்கால் ஆழத்திற்கு அப்பால்

மோரிப் கடற்கரைக்குப் போனால் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தாத்தா கப்பலேறிக் கிள்ளானுக்கு வந்தவர். அவரோடு நம் கடலுறவு முடிந்தது என்பார் அம்மா.

அதனால், மெர்சிங்கில் படகேறித் தியோமானுக்கு ஸ்கூபா முக்குளிப்புப் பழகப் போனதை அவரிடம் சொல்லவில்லை.

கரையிலிருந்து நடந்தே இறங்கினோம். "மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை நீக்கு, மூச்சை மட்டும் அடக்காதே" என்றார் பயிற்றுநர். மூன்று மீட்டர் ஆழத்தில் முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. பதறி உதைத்தேன். கால்துடுப்பு பட்டு மான்கொம்புப் பவளத்தின் கிளையொன்று முறிந்தது.

பவளம் கல்லன்று, உயிர். விரலளவு வளரவே பல மாதங்களாகும். 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது, தியோமானின் சில முக்குளிப்புத் தளங்களையே மூடினார்கள். அப்படிப்பட்ட ஓர் உயிரை என் பயம் ஒடித்துவிட்டது.

வீடு திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவள் நான்தானே" என்றார்.

இப்போது வாரந்தோறும் நீச்சல்குளத்தில் அசையாமல் மிதக்கப் பழகுகிறேன். அது கைவந்த பிறகுதான் மீண்டும் பவளத்தின் அருகே போவேன். அம்மாவுக்கும் தெரியும்.